ஏறுமுகம்

“மூணாவது மாடிக்குக் கான்கிரீட் போட்டாச்சும்மா. பக்கத்து மனைக்கும் பர்மிட் கைக்கு வந்துடுச்சு. அடுத்த வாரம் அஸ்திவாரம் தோண்டறோம்” என்றார் காண்ட்ராக்டர். அவள் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு, ‘முதலீடு கூடியிருக்கிறது’ என்ற இடத்தில் டிக் அடித்தாள்.

புள்ளிவிவரத் துறையில் அவளுக்கு அதுதான் வேலை. நாடு முழுக்கப் பொறுக்கி எடுத்த கட்டட கம்பெனிகளுக்கு மாதாமாதம் போன் போட்டு, புதிதாக என்ன பர்மிட், என்ன முதலீடு என்று கேட்க வேண்டும். ஒருவர் சொல்வதை அவரைப் போன்ற பலர் சொன்னதாக வைத்து நாட்டுக்கே கணக்குப் போடுவார்கள்.

பெரும்பாலானவர்கள் எரிந்து விழுவார்கள். “வேலையே இல்லாதவன்கிட்ட என்னம்மா கேள்வி?” என்று பட்டென்று வைத்துவிடுவார்கள். கம்பெனியை மூடிவிட்டவர்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறு யாரையாவது சேர்த்துக்கொள்வாள்.

இந்தக் காண்ட்ராக்டர் மட்டும் முதல் மணியிலேயே எடுப்பார். “தொண்டை கட்டியிருக்கே, சுடுதண்ணி குடிச்சீங்களா?” என்பார். ஜல்லி கொட்டும் சத்தமோ ஆள் அரவமோ பின்னால் கேட்காது. ஏசி ரூமில் உட்கார்ந்து வேலை வாங்குகிற பெரிய மனிதர் என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த மாதம் பேப்பரில் முதல் பக்கத்திலேயே வந்தது: ‘கட்டுமானத் துறை மீண்டும் ஏறுமுகம்’. வரைபடத்தில் சரிந்துகொண்டே இருந்த கோடு லேசாகத் தலை தூக்கியிருந்தது. அதை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கணவனிடம் காட்டினாள்.

கணவனுக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை. கொஞ்ச நாளாகவே யாரும் கூப்பிடவில்லை.

“குடோன்ல ஒரு வேலை இருக்காம். நாளைக்கே வரச் சொல்றாங்க. போயிடட்டுமா?” என்றான்.

“தெரிஞ்ச தொழிலை விட்டுட்டு மூட்டை எண்ணப் போறீங்களா? கொஞ்சம் பொறுங்க. கட்டட வேலை சூடு பிடிக்குது. நான்தான் காதால கேக்கறேனே!”

அவள் காதை நம்பி அவன் அந்த வேலையை வேண்டாமென்றான்.

மழை போய் வெயில் வந்தது. டைல்ஸ் வெட்டும் மெஷின் கட்டிலுக்கடியில் கிடந்தது. மகளைப் பள்ளி வேனிலிருந்து நிறுத்தி நடத்திக் கூட்டிப்போனார்கள். குடோனில் போய்க் கேட்டபோது, அந்த இடத்துக்கு ஆள் வந்துவிட்டதாகச் சொல்லி கேட்டோடு அனுப்பிவிட்டார்கள்.

“இன்னும் ஏறுமுகம்தானா?” என்று ஒருநாள் கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

“ஆமா. எங்க கணக்கு அப்படித்தான் சொல்லுது.”

“உங்க கணக்கு சொல்லுது. மேஸ்திரி சொல்லலையே” என்று சிரித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் அவள் லீவு போட்டாள். போனில் சொந்த விஷயம் பேசக் கூடாது, எல்லாம் பதிவாகும். நேரிலேயே போய்க் காண்ட்ராக்டர் காலில் விழுந்தாவது கணவனுக்கு ஒரு வேலை கேட்டுவிடுவது என்று கிளம்பினாள்.

கம்ப்யூட்டரில் இருந்த விலாசத்தில் தூண்கள் மட்டும் நின்றன. மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளில் துரு ஏறியிருந்தது. மணல் குவியல் மேல் புல் முளைத்து, அதில் ஒரு நாய் படுத்திருந்தது. தார்ப்பாய் நிழலில், சாயம் போன சட்டையோடு ஒருவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் போன்.

வாட்ச்மேன் போலிருக்கிறது. “காண்ட்ராக்டர் ஐயாவைப் பார்க்கணும்” என்றாள்.

அவர் தடுமாறி எழுந்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “இந்தக் குரல்... ஆபீஸ் பொண்ணுதானே நீங்க? தொண்டை சரியாயிடுச்சே! உட்காருங்கம்மா, உட்காருங்க” என்று தோள் துண்டால் நாற்காலியைத் துடைத்தார்.

அவள் உட்காரவில்லை. “மூணாவது மாடி எங்கய்யா?”

அவர் தலை குனிந்தார்.

“பக்கத்து மனை? அந்தப் பர்மிட்?”

“பேங்க்காரங்க சீல் வச்சு ரொம்ப நாளாச்சும்மா. ஆளுங்க எல்லாம் போயிட்டாங்க. வீட்டுல இருந்தவங்களும்தான்.”

“நீங்க சொன்னதை நம்பித்தான்யா என் வீட்டுக்காரர் வந்த வேலையை விட்டாரு! பேப்பர்லகூடப் போட்டாங்க. எத்தனை பேர் நம்பினாங்களோ! இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? மாசாமாசம் எதுக்கய்யா பொய் சொன்னீங்க?”

அவர் கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“கம்பெனியை மூடிட்டேன்னா அப்புறம் நீங்க கூப்பிட மாட்டீங்களேம்மா!”