வெறுங்கண்

"கழட்டுய்யா அதை!"

சொல்லி முடிப்பதற்குள் பஸ் முதலாளியம்மா பனா சிசலாவின் கை நீண்டு, டிரைவர் வேலை கேட்டு வந்த சிலேஷேயின் மூக்கிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கி மேஜைமேல் எறிந்துவிட்டது.

வெளியே, தலைநகர் லுசாகாவுக்குப் போகவேண்டிய பஸ் அலறிக்கொண்டிருந்தது. டிரைவர் விடியற்காலையிலேயே மலேரியாவில் சுருண்டுவிட்டான். ஏறி உட்கார்ந்து நொந்துபோன பயணி ஒருவர் டிரைவர் சீட்டுக்கே போய் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு ஓட்டறவன்தான் இனிமே இந்த பஸ்ஸுக்கு டிரைவர்" என்று அறிவித்திருந்தாள் முதலாளியம்மா. மூத்த மகன் சிசலாவின் பெயரைச் சேர்த்து, சிசலாவின் தாய் என்ற பொருளில் 'பனா சிசலா' என்றுதான் கிட்வே ஊரே அவளை மரியாதையாகக் கூப்பிடும். மரியாதையைத் திருப்பித் தரும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

வேலைக்கு வந்திருந்தது இரண்டு பேர். சுரங்க லாரி ஓட்டிக்கொண்டிருந்து வேலை போய், பெண்டாட்டி பிள்ளைகளை மைத்துனன் வீட்டில் விட்டுவிட்டு நேற்றுதான் கிட்வேக்கு வந்த சிலேஷே ஒருவன். இன்னொருவன் இந்த பஸ் ஸ்டாண்டிலேயே, இங்கே நடக்கும் டிரைவர் டெஸ்ட்டுகளை ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்து வளர்ந்த முசொண்டா. வெயிலும் புழுதியும் பட்டுப் பட்டு, அவன் வலது கண்ணில் சதை வளர்ந்து கருவிழியைத் தொட்டிருந்தது.

"அம்மா, எனக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடி போட்டா எல்லாம் பளிச்சுன்னு தெரியும்" என்றான் சிலேஷே. "மேல் பாதி ரோட்டுக்கு, கீழ்ப் பாதி ஸ்பீடு மீட்டருக்கு."

"ஓகோ! ஒரே கண்ணாடியில ரெண்டு மாடியா? கீழ் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கியா?"

முசொண்டா விழுந்து விழுந்து சிரித்தான். "ப்ரொஃபசர், இது பஸ் கம்பெனி. பள்ளிக்கூடம் அடுத்த தெரு."

"கண்ணாடி போட்டா எந்தக் குருடனும் படிப்பான். என் கம்பெனியில வெறுங்கண்ணாலதான் டெஸ்ட்டு" என்றாள் பனா சிசலா. "எனக்கு அறுபது தாண்டிருச்சு. இந்த எழவை ஒருநாள் மாட்டியிருக்கேனா? ஆமா, எவன்யா உள்ள வந்து சிகரெட் பிடிக்கறது? ஒரே புகை!"

யாரும் பிடிக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஜன்னலை அகலத் திறந்தாள். பீரோவுக்குப் பின்னாலிருந்து கண் பரிசோதனை அட்டையை இழுத்து எதிர்ச் சுவரில் மாட்டினாள். எத்தனையோ வருஷமாக டிரைவர்களை அவள் வடிகட்டும் அட்டை. அதன் ஒவ்வொரு வரியும் அவளுக்கு அத்துப்படி.

"ம், படி!"

சிலேஷே கண்ணை இடுக்கிப் பார்த்தான். "வெள்ளையா ஒரு சதுரம் தெரியுதுங்க."

"எழுத்தைக் கேட்டேன்."

"எழுத்து... ஒண்ணுமே தெரியலம்மா."

"சும்மா எதையாவது அடிச்சு விடு ப்ரொஃபசர்" என்று காதோரம் கிசுகிசுத்தான் முசொண்டா.

சிலேஷேவுக்கு மைத்துனன் வீட்டு மூலையில் படுத்திருக்கும் பிள்ளைகள் ஞாபகம் வந்தது. ஆனாலும் தலையை ஆட்டினான். "வேணாம்யா. பஸ் நிறைய ஜனம் இருக்கு."

"உச்சியில இருக்கற பெரிய எழுத்தே தெரியலையே உனக்கு!" பனா சிசலா காறித் துப்பாத குறை. "யானை குறுக்க வந்தா கொசுன்னு நெனச்சு ஏத்திடுவே. போ, போய் எங்கயாவது நிழல்ல உக்காந்து வேர்க்கடலை வித்துப் பொழைச்சுக்கோ. அடுத்து நீ வாடா."

முசொண்டா முன்னால் வந்து சுவரைப் பார்த்தான். வாய் லேசாகத் திறந்தது. முதலாளியம்மாவின் முகத்தைப் பார்த்தான். மறுபடி சுவரைப் பார்த்தான். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆரம்பித்தான்.

"எச்... டி, வி... ஓ, கே, என்..."

சர்ச்சில் ஜெபம் சொல்வதுபோல் ஒரே ஓட்டம். கடைசி வரியின் பொடி எழுத்து வரை எங்கேயும் தட்டவில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் தலையாட்டிக்கொண்டே வந்த பனா சிசலா, முடிந்ததும் கையைத் தட்டினாள்.

"பாத்தியாய்யா நாலு கண்ணா? இதுக்குப் பேருதான் கண்ணு. இந்தாடா சாவி, வண்டியை எடு!"

சிலேஷே மேஜைமேல் கண்ணாடியைத் தேடித் துழாவினான். கைக்கு எட்டும் நேரம் பார்த்து முசொண்டா அதை ஒரு விரலால் தள்ளிவிட்டான். பனா சிசலா வயிறு குலுங்கச் சிரித்தாள்.

ஒருவழியாகக் கண்ணாடி கையில் சிக்கியது. மாட்டிக்கொண்டு வாசல்வரை போன சிலேஷே, தன் பிழைப்பில் மண்ணைப் போட்ட சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான்.

முசொண்டாவின் கை, பனா சிசலா இன்னும் நீட்டிக்கொண்டிருந்த சாவியை அவசரமாகப் பறிக்கப் பார்த்தது.

"இருடா" என்று சாவியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள் பனா சிசலா. "தொரை இப்ப கண்ணாடி மாட்டிக்கிட்டுப் படிக்கப் போறாராம். படிங்க தொரை, கேப்போம்!"

"படிக்க ஒண்ணுமில்லீங்க. அட்டையைத் திருப்பி மாட்டியிருக்கீங்க."