வெறும் கொக்கி

ஓய்வுபெற்ற விமானி ஒருவர், தாம் ஓட்டிய போர்விமானத்தின் சிறு மாதிரியை மரத்துண்டுகளால் ஒட்டிச் செய்வதற்கான பழைய பெட்டியொன்றை என் கடைக்குக் கொண்டுவந்தார். நுணுக்க வேலை தமக்கு இனி முடியாது என்று, என்னைச் செய்து தரும்படி கேட்டார்.

“இதிலதான் தம்பி, கருங்காலிச் சந்தைக்கு மேல போனன்,” என்றார் பெருமையாக.

அன்று குண்டு விழுந்தபோது அந்தச் சந்தையில் என் மனைவி செல்வராணி மீன் வாங்கிக்கொண்டிருந்தாள். நான் பெட்டியைத் திறந்து துண்டுகளை எண்ணினேன்.

“இறக்கைக்குக் கீழ ரெண்டு குண்டு கிடக்கு. ஒட்டட்டோ ஐயா?”

“ஐயோ, வேண்டாம். பேரப்பிள்ளையள் கேள்வி கேட்டே கொன்றுபோடுவாங்கள்.”

மர விலாக்களை அடுக்கி, மெல்லிய தாளைப் போர்த்தி, ஒரு மாதத்தில் விமானத்தை முடித்தேன். இடது இறக்கையின் கீழே ஒரு குண்டை மட்டும், பெயர்த்தால் இறக்கையே உடையும்படி ஒட்டினேன். வலது பக்கத்தில் குண்டு மாட்டும் கொக்கியை வெறுமையாக விட்டேன். மற்றக் குண்டு எங்கே போனது என்று பிள்ளைகள் அவரைக் கேட்கட்டும்.