ஐந்து கட்டிகளும் ஒரு நிபுணரும்

"காகிதத்துல இருக்கற பணத்தை எப்படி நம்பறது? தங்கம்னா கையில தொட்டுப் பாக்கலாம்" என்று சொல்லி, ஓய்வு பெற்றபோது வந்த பணம் மொத்தத்தையும் ஐந்து தங்கக் கட்டிகளாக மாற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார் கணவர். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தங்கம் வாங்கியவர். அன்றோடு அவருடைய நிம்மதி போனது. கட்டிகளை இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தார்.

"ஊருக்கெல்லாம் புத்தி சொன்னீங்க. சொந்த வீட்டுல ஒளிச்சு வைக்க ஒரு இடம் தெரியலையா?" என்றாள் மனைவி.

வேறு வழியில்லாமல், இந்த விஷயத்தில் கரைகண்ட ஒருவரைப் போன் செய்து வரவழைத்தார்.

வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டை ஒரு சுற்று சுற்றினார். மாவு டப்பா, பழைய ஷூ, சுவர்க் கடிகாரம், தலையணை உறை, வாஷிங் மெஷின். பத்தே நிமிடத்தில் ஐந்து கட்டிகளும் மேசைக்கு வந்துவிட்டன. மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போனாள்.

"ஐயா, என்னைப் பதினோரு தடவை பிடிச்ச இன்ஸ்பெக்டர் நீங்க. எந்த வீட்டுல எங்கேருந்து திருடினேன்னு நீங்கதானே கேட்டுக் கேட்டு எழுதினீங்க? அதே இடங்கள்லயே வச்சிருக்கீங்களே."

மாஜி இன்ஸ்பெக்டர் அசடு வழிந்தார்.

"புத்தி அங்கதான் போச்சு. சரி, உன் சேமிப்பை நீ எங்க வச்சிருக்கே?"

"பேங்க்லதாங்க, டெபாசிட்டா. எங்க தொழில்ல இருக்கறவங்களை நம்பி வீட்டுல வைக்க முடியுங்களா?"