பொருந்தாததை அடிக்கவும்

"சிவகாமசுந்தரி!"

பல்கலைக்கழக அலுவலக முகப்பில் இருந்த எழுத்தர் வரிசைப் பட்டியலைப் பார்த்து இரண்டாவது முறை கூப்பிட்டார். அவள் அவருக்கு நேர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவர் பார்வை அவளைத் தாண்டிப் பின்னால் பெஞ்சில் இருந்த பெண்களிடம் போயிற்று.

"நான்தான் சார்."

இது அவளுக்குப் பழக்கம். பள்ளியிலும் ஒவ்வொரு ஆண்டின் முதல் நாள் இப்படித்தான்.

எழுத்தர் ஜெயரத்தினம் அவளைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் நின்ற அவள் அப்பா மருதப்பனைப் பார்த்தார். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் தாள்களை வாங்கிக்கொண்டார்.

1965, பிப்ரவரி. மருந்தியல் பட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். நாலு மணிக்கு முகப்பை மூடிவிடுவார்கள். மணி மூன்றரை ஆகியிருந்தது.

மருதப்பன் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் புட்டி கழுவுபவர். பதினெட்டு வருடமாகச் சோடா உப்பிலும் கொதிநீரிலும் ஊறி, அவர் விரல்களில் ரேகையே தேய்ந்துவிட்டது. வெள்ளைக் கோட்டுக்காரர்கள் மருந்து கலப்பதைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றே பார்த்தவர். "நீ அந்தப் பக்கம் நிக்கணும்மா" என்று அவளிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். அந்த வருடமே அவள் ரசாயனத்தில் பள்ளியில் முதலாவதாக வந்தாள்.

ஜெயரத்தினம் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மதிப்பெண், தலைமையாசிரியை கொடுத்த நற்சான்று. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கடைசியாக இருந்தது பிறப்புப் பத்திரம்.

அதை அவள் முதன்முதலாகப் பார்த்ததே அன்று பஸ்ஸில்தான். அம்மா லட்சுமி இருந்தவரை அந்தக் காகிதத்தை யாரும் வெளியே எடுக்கக் கூடாது. அம்மா போய் இரண்டு வருடமாகிறது. கிளம்பும்போது அப்பா அதை ஓர் உறையில் போட்டுக் கொடுத்தார். அவள் பிரித்துப் படித்து முடிக்கும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுத்தர் குரலைத் தாழ்த்தி ஆங்கிலத்தில் பேசினார். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், பிறப்புப் பத்திரத்தில் வேறு பெயர். தத்தெடுத்ததற்கு நீதிமன்றத் தாள் உண்டா?

இல்லை என்றாள்.

அப்படியானால் பத்திரத்தில் உள்ள பெயரில்தான் விண்ணப்பிக்க வேண்டும். தந்தை பெயரும் அதில் உள்ளபடிதான். இரண்டு பெயரும் ஒருத்தியுடையதுதான் என்று சத்தியப் பத்திரம் பிறகு கொடுக்கலாம்.

பத்திரத்தில் இருந்த பெயர் லிம் கியோக் லான். தந்தை லிம் ஆ செங், லாரி ஓட்டுநர்.

கெர்பாவ் சாலையில் ஒரு கடைவீட்டின் மாடி. எதிரெதிர் அறைகளில் இரண்டு குடும்பங்கள். சீனக் குடும்பத்தில் ஐந்தாவதும் பெண். தமிழ்க் குடும்பத்தில் பிள்ளையே இல்லை. போர் முடிந்த மறுவருடம், அரிசிக்கு வரிசையில் நின்ற காலத்தில், பிறந்து பன்னிரண்டு நாளான குழந்தை ஒரு கதவிலிருந்து எதிர்க் கதவுக்கு வந்தது. அந்த மாதமே லிம் குடும்பம் வீடு மாறிப் போய்விட்டது. லட்சுமி குழந்தைக்குப் பொட்டு வைத்து, தனக்குத் தெரிந்ததிலேயே நீளமான பெயரை வைத்தாள்.

தான் சீனக் குழந்தை என்பது சிவகாமசுந்தரிக்குக் கண்ணாடி பார்க்கும் வயதிலிருந்தே தெரியும். பெயர்கள்தான் தெரியாது.

"என்னம்மா சொல்றாரு?" என்று கேட்டார் மருதப்பன். அவருக்கு ஆங்கிலம் வராது.

"ஒண்ணுமில்லப்பா. ஒரு எழுத்து தப்பாயிருச்சாம். வேற ஃபாரத்துல எழுதித் தரணுமாம்."

புதிய படிவத்தில் தன் பெயரைப் பத்திரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினாள்.

தந்தை பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது. இடம் கிடைத்தால் நாளைக்கு அவள் வாங்கும் பட்டத்திலும் இந்தப் பெயர்தான் இருக்கும். மருதப்பன் பெயர் எங்கேயும் இருக்காது. வேண்டாம் என்று எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அப்பாவின் கை முகப்பின் மரப்பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் எழுதிவிட்டாள்.

படிவத்தின் அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி அச்சிட்டிருந்தது. தந்தை அல்லது காப்பாளர் கையொப்பம், பொருந்தாததை அடிக்கவும்.

'தந்தை' என்ற சொல்லின் மேல் மெல்லியதாக ஒரு கோடு இழுத்தாள். எழுத்தர் போதாது என்று விரலால் காட்டினார். அழுத்தி இன்னொரு முறை அடித்தாள்.

"இங்க கையெழுத்துப் போடுங்கப்பா."

மருதப்பன் குனிந்து தமிழில் தன் பெயரை எழுதினார். மெதுவாக, ஒரு புள்ளிகூட விடாமல்.

"இப்ப சரியாயிருச்சாம்மா?"

"சரியாயிருச்சுப்பா."

அப்பாவுக்குத் தெரியாமலே முடிந்துவிட்டது. அந்த ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல்.

ஜெயரத்தினம் முத்திரை குத்தினார். ரசீதை நீட்டும்போது எழுந்து நின்று, மருதப்பனிடம் தமிழில் பேசினார்.

"குறை நினையாதேங்கோ ஐயா. நேற்று நீங்கள் தனிய வந்து கேட்டபோதே சொன்னனான்தானே. தகப்பன் பேரை மாத்தாமல் வேற வழி இல்லை."

மருதப்பன் சரி என்று தலையசைத்தார். அவள் பக்கம் பார்க்கவில்லை.

"வாம்மா, பஸ் போயிரும்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.