ஃபெயிலானது யார் தம்பி?

"எட்டாங்கிளாஸ்ல ரெண்டு தடவை ஃபெயிலானது உன் தம்பிதானே?"

"என் தம்பியா? அது உங்க தம்பி! ரிசல்ட் அன்னிக்குக் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சவரை இழுத்து வெளிய போட்டதே நான்தான்!"

ஆறாம் நம்பர் கட்டிலில் அன்றைய சண்டை தொடங்கிவிட்டது. மருந்து டிரேயுடன் வந்த சிஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கட்டிலில் இருந்த அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி மூன்றாவது நாள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் கணவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். குரல் மட்டும் இன்னும் ஓய்வுபெறவில்லை.

வந்த நாளிலிருந்து இதே கூத்துதான். "நம்ம முதல் வாடகை வீட்டுல ரெண்டு ஜன்னல்" என்பார். "ஒண்ணு! அதுவும் திறக்காது" என்று அந்த அம்மா சீறுவார். "பொண்ணு பொறந்தது செவ்வாய்க்கிழமை" என்பார். "பெத்தவ நான் சொல்றேன், வியாழக்கிழமை!" என்று தலையணையிலிருந்து தலையே எழும்பிவிடும்.

சிஸ்டர் அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"ஐயா, அவங்களுக்கு ஓய்வு வேணும். நீங்க வந்தாலே பிரஷர் ஏறுது. வீட்டுல போட்ட சண்டை போதாதா?"

"இல்ல சிஸ்டர், நான் எதுக்குன்னா..."

"எதுக்கா இருந்தாலும் சரி. நாளைக்கு நீங்க உள்ள வரவேண்டாம். பொம்பளைங்க படுக்கையில கிடந்தாலும் உங்க வாய்க்குப் பதில் சொல்லிக்கிட்டே இருக்கணுமா?"

கடைசிக் கேள்வியில் சிஸ்டர் தன் வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான் கேட்டார். பாவம், பெரியவர் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் வார்டில் அப்படி ஓர் அமைதி.

"வலிக்குதாம்மா?"

"இல்ல."

"மாத்திரை போட்டுக்கலாமா?"

"சரி."

சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார் அந்த அம்மா. சாப்பாட்டுத் தட்டு வைத்தபடியே இருந்தது. தூக்கக் கலக்கம் போலிருக்கிறது என்று சிஸ்டர் நினைத்துக்கொண்டார். 'அமைதியாக ஓய்வெடுக்கிறார்' என்று சார்ட்டில் கொஞ்சம் பெருமையாகவே எழுதினார்.

மாலை நான்கு மணிக்கு வராந்தா பெஞ்சைத் தாண்டும்போது பெரியவர் எழுந்து நின்றார். காலையிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறார்.

"சிஸ்டர், என்னைத் திட்டினாளா?"

"ஒரு வார்த்தை பேசலை. தங்கமா இருக்காங்க."

"திட்டவே இல்லையா?"

பெரியவர் முகம் வெளுத்துவிட்டது. சிஸ்டர் தடுப்பதற்குள் விறுவிறுவென்று உள்ளே போய்க் கட்டிலருகே குனிந்தார்.

"இந்தா, என்னைப் பாரு. எட்டாங்கிளாஸ்ல ஃபெயிலானது உன் தம்பிதானே?"

அந்த அம்மா கண்ணைத் திறந்தார். சாந்தமாகச் சிரித்தார்.

"ஆமாங்க. என் தம்பிதான்."

"சிஸ்டர்! டாக்டரைக் கூப்பிடுங்க!"

டாக்டர் வந்து கேட்டபோது, தான் இருப்பது எந்த இடம் என்றே அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. பரிசோதனையில் சிறுநீரில் கிருமித்தொற்று; உடம்பில் தண்ணீரும் வற்றியிருந்தது.

"வயசானவங்களுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் புத்தி குழம்பலாம்" என்றார் டாக்டர். "கத்தி ஆர்ப்பாட்டம் பண்ணினா உடனே தெரிஞ்சுடும். சத்தமில்லாம குழம்பறவங்களைத்தான் நாம கோட்டை விட்டுடுவோம். நல்லவேளை, இன்னிக்கே பிடிச்சோம்."

பெரியவர் சிஸ்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தெளிவா இருக்காளான்னு அடிக்கடி பேசிப் பாருங்கன்னு டாக்டர்தாம்மா முன்னாடியே சொன்னார். இன்னிக்கு என்ன கிழமைன்னு கேட்டா, காலண்டரைப் பாருங்கம்பா. தப்பாச் சொன்னாத்தான் அவ வாய் திறக்கும்."

சிஸ்டருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சார்ட்டில் தான் எழுதிய வரி கண்ணைக் குத்தியது.

"மன்னிச்சிடுங்க ஐயா. நீங்க எப்ப வேணும்னாலும் உள்ள வாங்க" என்றார்.

டிரிப்ஸும் மருந்தும் ஏறின. இரண்டு நாள் பெரியவர் ஸ்டூலை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் மதியம் மறுபடி ஆரம்பித்தார்.

"உன்னை முதன்முதல்ல பார்த்தப்போ நான் டிரைவர் சீட்ல இருந்தேன்ல?"

எதிர்க் கட்டிலில் இருந்தவர்கள்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"டிரைவர் சீட்லயா? படிக்கட்டுல நின்னு விசிலை வாயில வெச்சுக்கிட்டு ஊத மறந்துட்டு என்னையே பார்த்தீங்க! பஸ் கிளம்பவே இல்லை!"

வார்டே சிரித்தது. பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டுட்டு வந்துடறேன்" என்று துள்ளாத குறையாக வெளியே போனார்.

சிஸ்டருக்கு மனசு கேட்கவில்லை. தலையணையைச் சரிசெய்தபடி மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, அவர்மேல கோபப்படாதீங்க. உங்க புத்தி தெளிவா இருக்கான்னு பார்க்கத்தான் வேணும்னே தப்புத் தப்பா சொல்றார்."

அந்த அம்மா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

"முதல் நாளே தெரியும் சிஸ்டர். பொய் சொன்னா அவர் காது மடல் சிவந்துடும். நான் கத்தினாத்தான் அந்த மனுஷனுக்குச் சோறு இறங்கும். அதான், உயிரே போற மாதிரி வலிச்சாலும் சாப்பாட்டு வேளைக்கு முன்னாடி ஒரு சண்டையைப் போட்டு அனுப்பிடறேன்."