எதிர்த்தரப்பு வாதம்

“முதல் பரிசா? அந்தச் சாய ஆலைக்காரன் பக்கம் பேசியா வாங்கின? வெட்கமா இல்ல உனக்கு?”

தைத்துக்கொண்டிருந்த பாவாடையை மெஷினிலேயே விட்டுவிட்டு எழுந்தாள் அக்கா. வக்கீல் தங்கை இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று, கழுத்தில் தொங்கிய பயிற்சி அட்டையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

“அங்க அப்படித்தான் வச்சாங்கக்கா. நான் என்ன பண்றது?”

வெளிநாட்டுச் சட்டக் கல்லூரி ஒன்றும் உள்ளூர்ச் சட்டக் கல்லூரியும் கைகோத்து நடத்திய சுற்றுச்சூழல் சட்டப் பயிற்சி அது. ஆசியாவின் பல நாடுகளிலிருந்தும் வக்கீல்கள் வந்திருந்தார்கள். கடைசி நாள் மாதிரி நீதிமன்றம். அதில்தான் அந்த வெளிநாட்டுப் பேராசிரியை ஒரு வம்பை இழுத்துவிட்டார். நிஜத்தில் நடத்துகிற கேஸில் யார் எந்தப் பக்கமோ, அதற்கு எதிர்ப்பக்கம் நின்று வாதாட வேண்டுமாம்.

“உனக்கு எதிரே யாரு நின்னது?”

“ஆலை முதலாளியோட மருமகன்.”

அந்த மருமகன்தான் இப்போது ஆலைக்கு வக்கீல். பழைய வக்கீல் படுத்த படுக்கையாகிவிட, கேஸ் போன மாதம்தான் அவர் கைக்கு வந்திருந்தது. நாளைக் காலை நிஜக் கோர்ட்டில், நிஜ ஜட்ஜ் முன்னால், இதே இரண்டு பேரும்தான் மோத வேண்டும்.

கேஸ் போட்டது அக்கா. தெருக் கிணற்றில் தண்ணீர் நீலமாகி மூன்று வருஷம் ஆகிறது. ஆலை ஒரு சொட்டுக்கூட வெளியே விடவில்லை என்று அவர்கள் சாதிக்கிறார்கள். அதிகாரிகள் பார்க்க வருகிற அன்றைக்கென்று ஆலையை ஒட்டிய வாய்க்கால் காய்ந்து கிடக்கும். நாளைக்குப் புதிதாக எதையாவது காட்டாவிட்டால் தள்ளுபடிதான் என்று ஜட்ஜும் சொல்லிவிட்டார்.

உள்ளே அக்காவின் மகள் முழங்கையைச் சொறிகிற சத்தம் கேட்டது. “சொறியாதேடி, ரத்தம் வரும்!” என்று அங்கே ஒரு அதட்டல் போட்டுவிட்டு இங்கே திரும்பினாள்.

“அப்படி என்னத்த பேசிக் கிழிச்ச?”

“ஆலையில சுத்திகரிப்பு மெஷின் இருக்கு, மாசாமாசம் சோதனை பண்றோம், வாய்க்கால்ல விடுற தண்ணியில மீன் வளரும், பயிர் வளரும்னு பேசினேன். எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க.”

“மீன் வளருமா? ஒரு வாளி கொண்டுபோய் அவங்க தலையில ஊத்தியிருக்க வேண்டியதுதானே! அந்த மருமகன் என்ன சொன்னான்?”

தங்கை நகத்தைக் கடித்தாள். “பிரமாதம்னார். செல்போன்ல பதிவு பண்ணிக்கிட்டார். சரியா விழலைன்னு திரும்பக் கேட்டார்.”

“கேட்டா?”

“இன்னொரு தடவை சொன்னேன்.”

“அடிப்பாவி!”

“‘நாளைக்கு இதையே பேசிடட்டுமா மேடம்’னு சிரிச்சார்க்கா.”

“நீ என்ன பண்ணின?”

“நானும் சிரிச்சேன்.”

அவ்வளவுதான். அக்காவுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. “இந்த மெஷினை மிதிச்சு மிதிச்சு உன்னைப் படிக்க வச்சேனேடி! ஊர் ஜனம் உன்னை நம்பி உக்காந்திருக்கு. நீ எதிராளிக்குக் கத்தியைத் தீட்டி, பிடி போட்டு, கையிலயும் குடுத்துட்டு வந்திருக்க. என் பொண்ணு முகத்தை நாளைக்கு நான் எப்படிப் பார்ப்பேன்?”

சொல்லும்போதே அழுதுவிட்டாள். தங்கை குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் கோர்ட்டில் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெஞ்சில் உட்கார்வாள், எழுவாள், முந்தானையால் முகத்தைத் துடைப்பாள். முன்வரிசையில் தங்கையின் கால் மேஜைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது.

“மனுதாரர் தரப்பில் புதிதாக ஏதாவது உண்டா?” என்றார் ஜட்ஜ்.

“இல்லைங்க ஐயா,” என்றாள் தங்கை. “எதிர்த்தரப்பு பேசட்டும்.”

பாவி, வாயைக்கூடத் திறக்க மாட்டேன் என்கிறாளே என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

மருமகன் எழுந்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். ஆரம்பித்தார் பாருங்கள், சொல்லுக்குச் சொல் தங்கையின் பேச்சு! சுத்திகரிப்பு மெஷின் வந்தது, மாதாந்திரச் சோதனை வந்தது. குரலை ஏற்றி இறக்கி, கையை வீசி, “எங்கள் ஆலை வாய்க்காலில் விடும் தண்ணீரில் மீன் வளரும், பயிர் வளரும்!” என்று முடித்தார்.

பின்னால் உட்கார்ந்திருந்த மாமனார் பெருமையாகத் தலையை ஆட்டினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் போயிற்று.

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஆலையிலிருந்து ஒரு சொட்டுக்கூட வெளியே போகவில்லை என்றுதானே மூன்று வருஷமாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்? இப்போது வாய்க்காலில் விடுகிறோம் என்கிறீர்களே?”

மருமகன் கேஸ் கட்டை அவசரமாகப் புரட்டினார். மாதிரி நீதிமன்றத்தில் எதை ஒப்புக்கொண்டாலும் கைதட்டலோடு முடிந்துபோகும். இங்கே ஒப்புக்கொண்டால் ஒப்புக்கொண்டதுதான். பழைய வக்கீல் எழுதிக் கொடுத்ததை முன்பே படித்திருந்தால் அவர் இப்படி மாட்டியிருக்க மாட்டார்.

“ஐயா, அவர் சொன்னதை அப்படியே பதிவு பண்ணிக்கணும்,” என்று தங்கை எழுந்தாள்.

பதிவாயிற்று. தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று இன்றைக்கே தோண்டிப் பார்க்க வேண்டும், அதுவரை ஆலை ஓடக் கூடாது என்று உத்தரவும் வந்தது.

வெளியே தாழ்வாரத்தில் அக்கா ஓடிப்போய்த் தங்கையின் கையைப் பிடித்தாள். “ஏண்டி, அவன் பேசினது உன் பேச்சுதானே? தெரிஞ்சேவா பேசின?”

“ராத்திரி பகலா உக்காந்து எழுதினதுக்கா,” என்றாள் தங்கை. “அவருக்குப் பிடிக்கணுமே!”