இந்த விடுதி மட்டும் வேண்டாம்

“அலபாமாவுல வேற காலேஜே இல்லையாடி? இந்தக் காலேஜ் பொண்ணுங்க சங்கத்துல புதுசா சேர்றவங்களைக் குடிக்க வெச்சே கொன்னுடுவாங்க!” என்றாள் டார்லீன்.

“மத்த காலேஜ் சங்கம்னா சரிங்கற. இதுக்கு மட்டும் ஏம்மா பயப்படற?” மகள் மார்லி மாணவியர் சங்க விடுதிக்குள் நுழைந்தாள்.

கூடத்துச் சுவர் முழுக்க, ஆண்டுவாரியாகப் பழைய உறுப்பினர்களின் படங்கள்.

“மாடியைப் பாக்கலாம், வா.” டார்லீன் அவசரமாக மகளின் கையை இழுத்தாள்.

மார்லி நகரவில்லை. ஒரு படத்தில், தன்னைப் போலவே கன்னத்தில் குழி விழச் சிரித்த பெண்ணைத் தொட்டாள்.

“என்னைப் பெத்து உனக்குத் தத்துக் கொடுத்தவங்க இவங்கதானே?”

“உனக்கு... எப்படி?”

“இந்த விடுதி பேரைச் சொன்னாலே உன் முகம் வெளுத்துப்போகுதே!”

மார்லி அம்மாவின் கையைக் கோத்துக்கொண்டாள்.

“பாத்துட்டேன், போதும். வாம்மா, நீ சொன்ன காலேஜுக்கே போவோம்.”